சிவிலிதே: ஓர் எழுத்து பெயர் மாறிய கதை

பிரெஞ்சு அச்சுக்கலையில் ‘சிவிலிதே’ என்று ஓர் எழுத்து வகை உண்டு. கையால் எழுதினாற்போலவே இருக்கும் அச்செழுத்து அது. இன்று கணினியில் பக்கம் வடிவமைப்பவர்கள் ‘ஸ்கிரிப்ட் ஃபான்ட்’ பட்டியலைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைக்கும் சிறப்பிதழ்த் தலைப்புக்கும் கதையில் வரும் கடிதத்துக்கும் எடுத்துப் போடுகிறார்களே, அந்தக் குடும்பத்தின் மூத்த தலைமுறை. சிவிலிதே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நாகரிகம், மரியாதை, நயமான நடத்தை என்று பொருள். எழுத்தை வடித்தவர் வைத்த பெயர் இதுவல்ல. அவர் வைத்த பெயரில் ஒரு நாடே இருந்தது. அது நிலைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தவும் கைகழுவவும் சொல்லிக்கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தின் பெயர்தான் அந்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

வடித்தவர் ரொபேர் கிராஞ்சோன். 1513-இல் பாரிஸில் ஓர் அச்சக, புத்தகத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறாம் நூற்றாண்டில் எஃகு முனையில் எழுத்து வெட்டிய கைகளில் அவருடையதை மிஞ்சியவை ஒன்றிரண்டுதான் என்பது என் எண்ணம். அவர் வெட்டிய ரோமன் எழுத்தொன்றை அடியொற்றி 1913-இல் மோனோடைப் நிறுவனம் ‘பிளாந்தன்’ என்ற எழுத்தை உருவாக்கியது. அந்தப் பிளாந்தனிலிருந்து கிளைத்ததுதான் 1932-இல் வந்த ‘டைம்ஸ் நியூ ரோமன்’. ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பமாவது தட்டச்சு செய்தவர்கள் அனைவரும் கிராஞ்சோனின் பேரப்பிள்ளை எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

1557-இல் கிராஞ்சோன் லியோன் நகரில் இருந்தார். அந்த ஆண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்னொசென்சோ ரிங்கியேரி என்ற இத்தாலியர் எழுதி, ழான் லூவோ பிரெஞ்சில் பெயர்த்த ‘வாழ்வும் சாவும் உரையாடியது’ என்ற நூல். உள்ளடக்கத்தைவிட அதன் எழுத்துதான் புதுமை. பிரெஞ்சு வழக்கறிஞரும் வணிகரும் கோயில் குருவும் அன்றாடம் மைதொட்டு எழுதிய கையெழுத்து அப்படியே அச்சாகியிருந்தது. முன்னுரையில் கிராஞ்சோன் தம் நோக்கத்தைச் சொல்கிறார்: மற்ற மக்களுக்கெல்லாம் அவரவர் எழுத்து இருக்கிறது, பிரெஞ்சு மக்களுக்கும் அவர்கள் கையிலிருந்து பிறந்த எழுத்து வேண்டும். ஆகவே அதற்கு ‘பிரெஞ்சு எழுத்து’ என்று பெயரிட்டார். கைத்திறத்தால் ஆன பிரெஞ்சு எழுத்து என்று நீட்டிச் சொல்வதும் உண்டு. வேறு யாரும் அதைப் போலச் செய்யக் கூடாதென்று அரசன் இரண்டாம் ஹென்றியிடம் பத்தாண்டு உரிமையும் பெற்றார்.

இதைத் தனிமனிதப் பெருமிதமாக மட்டும் பார்க்க முடியாது. 1539-இல் முதலாம் பிரான்சுவா வில்லெர்-கொத்தெரே ஆணையின் வழியாக நீதிமன்ற ஆவணங்களை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதச் செய்தான். 1549-இல் ழொவாக்கிம் து பெல்லே பிரெஞ்சு மொழியின் தகுதியை நிலைநாட்ட ஒரு முழக்கமே எழுதினார். மொழிக்கு அரியணை கிடைத்தாயிற்று. ஆனால் அந்த மொழி அச்சேறும்போது போட்டுக்கொண்ட உடை இத்தாலியிலிருந்து வந்தது. ரோமன் எழுத்தும் அப்படி, சாய்ந்த எழுத்தும் அப்படி. சொந்த மொழிக்குச் சொந்த உடை தைக்கவே கிராஞ்சோன் புறப்பட்டார்.

அந்தச் சாய்ந்த எழுத்தின் பெயரையும் இங்கே பார்த்துவிட வேண்டும். இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நடந்தவை.

1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் லத்தீன் கவி வெர்ஜிலின் பாடல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டார். முழு நூலும் ஒரு புது எழுத்தில் இருந்தது. பொலோஞ்ஞா நகரத்துப் பொற்கைக் கலைஞர் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியது. படித்த இத்தாலியர்கள் விரைவாக எழுதும் கையெழுத்துதான் அதற்கு மூலம். அடுத்த ஆண்டு வெனிஸ் ஆட்சி மன்றத்திடம் உரிமை கேட்டபோது ஆல்டஸ் அதை ஓட்டமாக எழுதும் எழுத்து என்றும் கச்சேரி எழுத்து என்றும்தான் குறிப்பிட்டார். கச்சேரி என்றால் தாலுகா கச்சேரி என்ற பழைய பொருளில், அரசு அலுவலகம். இத்தாலியர்கள் இன்றும் அதை ‘கொர்சீவோ’ என்கிறார்கள். ‘ஓடு’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஜெர்மானியர் சொல்லும் ‘குர்சிவ்’வும், நம் பள்ளிப் பிள்ளைகள் நாலுகோடு நோட்டில் எழுதும் ‘கர்சிவ்’வும் அதே வேர்தான். ஸ்பெயினில் ‘கிரிஃபா’ என்றொரு பெயர் வழங்கியது. அது வெட்டிய கிரிஃபோவின் பெயர் என்பார் சிலர், அந்த எழுத்தில் ஏராளமாக அச்சிட்ட லியோன் பதிப்பாளர் கிரிஃபியஸின் பெயர் என்பார் சிலர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும்தான் அதை வந்த திசையை வைத்து ‘இத்தாலிக்’, ‘இட்டாலிக்’ என்றார்கள். மிளகாய்க்கும் சீனிக்கும் ஊர்ப்பெயர் ஒட்டுவதுபோல வெளியூரார் வைத்த பெயர் அது. வடித்தவர் கேளாமலேயே இத்தாலிக்கு அந்தப் புகழ் கிடைத்தது.

தன் நாட்டுப் பெயரை எழுத்துக்குச் சூட்ட வேண்டும் என்று விரும்பிச் சூட்டியவர் கிராஞ்சோன். அவருக்கு அது கிடைக்கவில்லை.

இனி அந்த எழுத்தைச் சற்று அருகே வைத்துப் பார்ப்போம். கிராஞ்சோனின் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது அடர்த்தி. மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வந்து, கூர்மையான முனைகளோடு, இறகுப் பேனா தாளில் உரசிய ஓசை கேட்கிறதோ என்று தோன்றும். ‘டி’ எழுத்தின் மேற்கால் நிமிர்ந்து நிற்காமல் இடப்பக்கம் வளைந்து முந்தைய எழுத்தின் தலைமேல் கவியும். ‘ஹெச்’ எழுத்தின் வலக்கால் வரிக்குக் கீழே இறங்கிச் சுருளும். ‘எஸ்’ சொல்லின் நடுவில் வந்தால் நெடியது, கடைசியில் வந்தால் வட்டமாக முடிந்துவிடும். சொல் முடிவில் வரும் ‘என்’னுக்கும் ‘எம்’முக்கும் வால் உண்டு, நடுவில் வந்தால் கிடையாது. ஒரே எழுத்து தான் நிற்கும் இடத்துக்கேற்ப முகம் மாற்றிக்கொள்கிறது. மனிதக் கை எழுதும்போது அப்படித்தானே எழுதும்! சொல்லைத் தொடங்கும்போது ஒரு வேகம், நடுவில் ஒரு வேகம், கையெடுக்கும்போது ஒரு வீச்சு. அச்சில் இந்த மூன்றையும் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்ததே பெரிய துணிவு.

ஈய எழுத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஃபான்ட் என்ற சொல்லே உருக்குதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது: உருக்கி வார்த்தது. உருக்கி வார்த்த ஒவ்வோர் எழுத்தும் நாற்சதுரக் கட்டையின்மேல் நிற்கும். கட்டையும் கட்டையும் தோளோடு தோள் சேர்ந்து நின்றால்தான் வரி. ‘டி’யின் தலை பக்கத்து வீட்டுக் கூரைமேல் கவிய வேண்டுமென்றால் அந்தப் பகுதி கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுக்கு ‘கெர்ன்’ என்று பெயர். பிரெஞ்சில் ‘கார்ன்’ என்பது மூலை, முனை. இறகுப் பேனாவின் கூர்முனைக்கும் அதே சொல் வழங்கியது. இன்று இன்டிசைனில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும்போது ‘கெர்னிங்’ என்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பு இங்கே இருக்கிறது. நீட்டிய ஈய முனை அழுத்தத்தில் ஒடியும். ஒடிந்தால் வேறு வார்க்க வேண்டும். முதலெழுத்து, நடுவெழுத்து, கடையெழுத்து, கூட்டெழுத்து என்று அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறைகளும் கூடிக்கொண்டே போகும். ரோமன் எழுத்தில் கைபழகியவர் இதில் ஒரு பக்கம் கோப்பதற்குள் அங்கே பல பக்கங்கள் முடிந்துவிடும்.

செலவு ஒரு காரணம். காலம் இன்னொரு காரணம். கிராஞ்சோன் எந்தக் கையெழுத்தைப் பிரான்சின் முகமாக நிறுத்தினாரோ, அந்தக் கையெழுத்தையே படித்த பிரெஞ்சுக்காரர்கள் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் இத்தாலியக் கையை விரும்பத் தொடங்கியிருந்தார்கள். ‘கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பிரெஞ்சு எழுத்தின் தலையெழுத்து, அது பிறந்த மறுவருடமே எழுதப்பட்டுவிட்டது.

அரச உரிமை இருந்தும் போலிகள் வந்தன. பாரிஸில் பிலிப் தான்ஃப்ரியும் ரிஷார் பிரெத்தோனும் 1558-லேயே தங்கள் சொந்த வார்ப்பில் அதே பாணி எழுத்தை வைத்து அச்சிட்டார்கள். ஆண்ட்வெர்ப் நகர அச்சகங்கள் கிராஞ்சோனிடமிருந்தே வாங்கின. பிறகு ஆமேத் தாவெர்னியே போன்ற உள்ளூர் வெட்டுநர்களும் செய்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, ஆண்ட்வெர்ப்பில் ழான் பெல்லேர் வெளியிட்ட ‘பிள்ளைகளின் நாகரிகம்’. பிரெஞ்சில் ஆக்கியவர் அதே ழான் லூவோ. இன்னொன்று, கால்வியாக் எழுதி பாரிஸில் தான்ஃப்ரியும் பிரெத்தோனும் வெளியிட்ட ‘பிள்ளைகளுக்கான நல்லொழுக்கம்’. இரண்டுக்கும் மூலநூல் ஒன்றே: டெசிடேரியஸ் எராஸ்மஸ் 1530-இல் லத்தீனில் எழுதிய சிறுநூல்.

எராஸ்மஸ் அந்தக் காலத்து ஐரோப்பாவின் தலையாய அறிஞர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தவர், அரசர்களுக்கும் போப்புக்கும் கடிதம் எழுதியவர். அப்படிப்பட்டவர் முதுமையில் ஒரு பிரபு வீட்டுச் சிறுவனுக்காக, உடம்பை எப்படி வைத்துக்கொள்வது, எப்படி உடுத்துவது, கோயிலில், விருந்தில், பெரியவர் முன்னால், விளையாட்டில், படுக்கையறையில் எப்படி நடந்துகொள்வது என்று ஏழு பகுதிகளில் எழுதினார். மூக்கைத் தொப்பியிலோ சட்டையிலோ துடைப்பது பட்டிக்காட்டுத்தனம், கைக்குட்டை வேண்டும், மரியாதைக்குரியவர் எதிரில் இருந்தால் சற்றுத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கம். நெய்ப்பட்ட விரலை நக்காதே, மேலாடையில் துடைக்காதே என்பதும் உண்டு. மேதை ஒருவர் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. பிரபுக்கள் வீட்டுப் பிறப்பைப் பெற யாராலும் முடியாது, நடத்தையை யாரும் கற்கலாம் என்ற எண்ணம் அந்த நூலின் அடியில் ஓடுகிறது.

சிவிலிதே என்ற சொல் பிரெஞ்சில் அதற்கு முன்பே இருந்தது. லத்தீனில் ‘கிவிஸ்’ என்றால் குடிமகன், ‘கிவிதாஸ்’ குடிமக்கள் கூடி வாழும் அமைப்பு. ஆங்கில ‘சிட்டி’க்கும் பிரெஞ்சு ‘சித்தே’க்கும் அதுவே தாய். அதிலிருந்து குடிமைப் பண்பு என்ற பொருளில் சிவிலிதே வந்தது. ஆனால் உண்பது, உடுப்பது, பேசுவது என்ற அன்றாட நடத்தையோடு அச்சொல் இறுக்கமாகப் பிணைந்தது எராஸ்மஸின் நூலுக்குப் பிறகுதான் என்று சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ் 1939-இல் வெளியான தம் பெருநூலில் விரிவாகக் காட்டினார். நம் ‘நாகரிகம்’ வந்த பாதையும் இதுவே. நகரத்துக்குரியது என்ற பொருளில் தொடங்கிய சொல். திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தில் அது மனக்கனிவைக் குறிக்கிறது. இன்று ‘நாகரிகமா நடந்துக்கோ’ என்று பிள்ளையை அதட்டும் தாய் பேசுவது ஏறக்குறைய எராஸ்மஸ் பேசியதைத்தான். வடக்கே வழங்கும் ‘நாகரி’ எழுத்தின் பெயரும் நகரத்திலிருந்து வந்ததாகவே அறிஞர்கள் கொள்கிறார்கள். நகரத்திலிருந்து பெயர் பெற்ற எழுத்துகள் இப்படி உலகத்தில் குறைந்தது இரண்டு.

ஒழுக்கநூலைக் கையெழுத்துபோன்ற எழுத்தில் அச்சிட்டதற்குக் காரணம் வாசகர். பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் ஒரே காசில் மூன்று பாடம்: படிக்கவும் பழகலாம், எழுதிப் பார்க்கவும் மாதிரி கிடைக்கும், நடத்தையும் தெரியும். அச்செழுத்தை மட்டும் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அப்பாவின் கடன்பத்திரத்தைப் படிக்கத் தெரியாது. வாழ்க்கையில் முக்கியமான தாள்கள் எல்லாம் கையால் எழுதியவையாகவே இருந்த காலம். நம் திண்ணைப் பள்ளிகளிலும் ஏட்டுக் கையெழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி இருந்தது. அகரவரிசையையும் அறத்தையும் ஒரே மூச்சில் கற்பித்த ஆத்திசூடி நமக்கு இருப்பதால் இந்தக் கூட்டு நமக்கு விளங்காததல்ல.

அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஊன்றிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் த்ருவா நகரத்து மலிவுப் பதிப்பாளர்கள் ‘சிவிலிதே’ புத்தகங்களை அச்சடித்துத் தள்ளினார்கள். தலைச்சுமைக்காரர்கள் அவற்றை நூல்கண்டோடும் ஊசியோடும் சேர்த்து ஊர் ஊராக விற்றார்கள். புத்தகம் எதுவானாலும் எழுத்து அதே எழுத்து. பெயர் தாண்டியது அப்போதுதான். முதலில் அது நடத்தையின் பெயர். பிறகு நடத்தை சொல்லும் புத்தகத்தின் பெயர். பிறகு அந்தப் புத்தகத்தின் எழுத்துக்குப் பெயர். கடையில் ‘சிவிலிதே எழுத்து’ என்றால் போதும், இன்னதென்று தெரிந்துவிடும். ‘பிரெஞ்சு எழுத்து’ என்றால் எது என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

ழான்-பத்தீஸ்த் தெ லா சால் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் தொடங்கியவர். தூத்துக்குடியிலும் கொழும்பிலும் அவர் பெயரில் பள்ளிகள் இருப்பதால் நம்மில் பலருக்குப் பெயர் பழக்கம். 1703-இல் அவரும் ஒரு சிவிலிதே புத்தகம் எழுதினார். அவருடைய பள்ளிகளில் வாசிப்புக்கு ஒரு வரிசை இருந்தது. எழுத்துப் பலகை, அசைகள், பிரெஞ்சுப் புத்தகம், லத்தீன் சங்கீதம் என்று படியேறி வந்த பிள்ளை அதன்பிறகு ‘சிவிலிதே’ படிக்கும். அதையும் தாண்டினால் கையால் எழுதிய பத்திரங்கள், பதிவேடுகள். அச்சுக்கும் கைக்கும் நடுவே போட்ட பாலம்போல அந்தப் புத்தகம் நின்றது. சிவிலிதே என்றால் ஒரு வகுப்பின் பெயர் என்ற பொருளும் இப்படி வந்து சேர்ந்தது.

இதற்குள் மனிதர்களின் கை மாறிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் எழுத்தாசிரியர்கள் புதிய கைகளைக் கற்பித்தார்கள். உயிருள்ள கை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஈயத்தில் வார்த்த கை அப்படியே நிற்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிள்ளை, தன் முப்பாட்டன் காலத்துக் கையெழுத்தை நாகரிகம் என்ற பெயரில் எழுத்துக்கூட்டிப் படித்தது. யாரும் அப்படி எழுதாத எழுத்தை, எழுதக் கற்பதற்கான எழுத்தாகப் புத்தகம் சுமந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழக்கமும் ஓய்ந்தது.

கிராஞ்சோன் அவ்வளவு காலம் பார்க்கவில்லை. 1578-இல் அவர் ரோமுக்குப் போய்விட்டார். கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறியது அதே ஆண்டுதான். அச்சு பிற மக்களின் எழுத்துகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ரோமில் கிராஞ்சோன் அரபு, சிரியாக், ஆர்மீனிய எழுத்துகளை வெட்டினார். 1591-இல் மெதிச்சி அச்சகம் அரபியில் வெளியிட்ட நற்செய்தி நூலில் இருப்பது அவருடைய எழுத்து. எழுதுகோலின் வீச்சை, எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோர்ப்பதை எஃகில் பிடிக்கும் வித்தையை அவர் பிரெஞ்சு எழுத்தில்தான் பழகினார் என்று நினைக்கிறேன். அரபு எழுத்தும் சொல்லின் முதல், நடு, கடை என்று இடத்துக்கேற்ப உருமாறுவதுதானே.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாமல் இருப்பதற்கு, நம் கணினித் திரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. இட்டாலிக்கை நாம் ‘சாய்வெழுத்து’ என்று தமிழாக்கினோம். பார்த்தவுடன் விளங்கும் சொல்தான். ஆனால் அந்த எழுத்தின் பல குணங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட சொல். இட்டாலிக் என்பது ரோமன் எழுத்தைச் சாய்த்து வைத்ததன்று, வேறொரு கை. ‘ஏ’யின் உருவே அங்கே வேறு, ‘ஜி’யும் ‘எஃப்’பும் வேறு. கோடுகளின் ஓட்டம் வேறு, அகலம் வேறு. ஆல்டஸின் காலத்தில் பெரிய எழுத்துகள் சாயாமல் நிமிர்ந்தே நின்றன. அப்போதும் அது இட்டாலிக்தான். சாய்வு அதன் உயிர் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நாமோ பெயரை நம்பிச் சாய்க்கிறோம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரைந்த கையோட்ட வடிவம் கிடையாது. மென்பொருளே நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. ‘ழ’வும் ‘ஞ’வும் அதில் படும் பாட்டைப் பார்த்தால் தெரியும். வட்டங்கள் நசுங்கி, சுழிகள் ஒருபக்கம் தடித்து, வரி முழுக்கக் காற்றடித்த பயிராகக் கிடக்கும். பத்திரிகையில் கதைமாந்தர் எழுதிய கடிதத்தையோ நாட்குறிப்பையோ வேறுபடுத்திக் காட்ட இந்தச் சாய்வைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. ‘கையோட்டம்’ என்று பெயர் வைத்திருந்தால், தமிழ்க் கை எப்படி ஓடும் என்று வடிவமைப்பாளர்கள் அப்போதே கேட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ‘க’விலிருந்து கையெடுக்காமல் ‘ரு’வுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கால் வாங்கும்போது மேலே சுழித்து முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கங்களிலிருந்து பிறக்கிற எழுத்துரு, பக்கத்தில் வேறொரு குரலாக ஒலிக்கும். நம் வார இதழ்களில் கதைத் தலைப்புகளை ஓவியர்களே தூரிகையால் எழுதிய காலத்தில் இந்தக் குறை தெரியவில்லை. கதைக்குக் கதை வேறு கை கிடைத்தது.

நெதர்லாந்து அச்சகங்கள் சிவிலிதேயை இந்த நோக்கில் பிரான்சைவிட நன்றாகவே பயன்படுத்தின. சமர்ப்பண உரைக்கு அதைப் போட்டால், ஆசிரியர் புரவலருக்குத் தம் கைப்பட எழுதியது என்ற தோற்றம் வரும். அச்சு உரிமையின் சுருக்கத்துக்குப் போட்டால் அரசு அலுவலகத்து ஏட்டின் சாயல் வரும். நூலின் உடல் ரோமன் எழுத்திலும், நடுவில் ஒரு பக்கம் மட்டும் இந்தக் கையிலும் இருக்கும்போது, பேசுகிறவர் மாறிவிட்டார் என்று வாசகர் படிக்கும் முன்பே அறிந்துகொள்கிறார். கையெழுத்துபோன்ற எழுத்தை அச்சுப்பக்கத்தில் பயன்படுத்த இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அழகுக்காகத் தலைப்பில் தொங்கவிடுவதும், பத்தி பத்தியாக அதிலேயே கோப்பதும் அந்த எழுத்துக்கே கேடு. பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக அதில் கோத்துவிட்டால் ஒரு சொல்கூடப் படிக்க வராது.

இருபதாம் நூற்றாண்டில் சிவிலிதே மீண்டும் தலைகாட்டியது. 1922 வாக்கில் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மோரிஸ் ஃபுல்லர் பெண்டன் அதே பெயரில் ஓர் எழுத்தை வரைந்தார். இன்றைய வாசகருக்கு விளங்காத வடிவங்களைக் குறைத்து, விளம்பரத்துக்கும் அழைப்பிதழுக்கும் ஏற்றபடி ஆக்கினார். பெயர் அமெரிக்காவுக்குப் போனபோது நடத்தைப் புத்தகத்தின் நினைவு அதில் எஞ்சவில்லை. பழமையும் பகட்டும் கலந்த ஓர் ஒலியாக மட்டும் இருந்தது.

வரலாற்றைச் சரிபார்த்துக் கொடுத்தவர் ஹாரி கார்ட்டர். அச்செழுத்து வரலாற்றில் ஊறிய ஆங்கிலேயர். பெல்ஜிய அறிஞர் ஃபெர்ஃப்லீட்டோடு சேர்ந்து 1966-இல் ‘சிவிலிதே டைப்ஸ்’ என்ற ஆய்வுநூலை ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார். அவர் மகன் மேத்யூ கார்ட்டர் இளைஞராக ஹார்லெம் நகரத்து என்ஸ்கெடே வார்ப்படசாலையில் எஃகில் எழுத்து வெட்டக் கற்றவர். அப்பா நூல் முடித்த அதே காலத்தில் மகன் ‘ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட்’ என்ற கையெழுத்து எழுத்துருவை வரைந்தார். ஒளியச்சுக்கோப்பு வந்துவிட்ட காலம். ஈயக் கட்டை இல்லை, ஒடிவதற்கு முனை இல்லை. எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டுச் சேர்வதற்குத் தடையே இல்லை. கிராஞ்சோனுக்கு நானூறு ஆண்டு முன்னால் தேவைப்பட்ட கருவி அதுதான். 1978-இல் மேத்யூ கார்ட்டர் கிராஞ்சோனின் எழுத்துகளை மனத்தில் வைத்தே ‘கலியார்டு’ என்ற எழுத்துக் குடும்பத்தையும் வெளியிட்டார். டிஜிட்டல் எழுத்துருவில் சொல்லின் முதல், நடு, கடை வடிவங்களை மென்பொருளே இடமறிந்து போட்டுக்கொள்கிறது. அந்த வசதியை அணைத்து வைத்துவிட்டு ஸ்கிரிப்ட் எழுத்துருவைக் குறை சொல்லும் பக்கங்களும் வரத்தான் செய்கின்றன.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர், கிராஞ்சோனின் வெட்டு ஒன்றைப் பின்பற்றி டிஜிட்டலில் ஆக்கிய எழுத்துருவின் பெயர் ‘செயின்ட் அகஸ்டின் சிவிலிதே’. புனித அகஸ்டினுக்கும் பிள்ளைகளின் நடத்தைக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தால், அதுவும் ஒரு புத்தகத்திலேயே போய் நிற்கிறது. எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்ற எண்ணால் சொல்வதற்கு முன்னால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஏறக்குறைய 14 பாயிண்ட் அளவைப் பிரெஞ்சு அச்சகங்கள் ‘செந்த்-ஒகுஸ்தேன்’ என்றன. 1467-இல் ரோமுக்கு அருகே சுபியாக்கோ மடத்தில் ஸ்வெய்ன்ஹெய்மும் பன்னார்ட்ஸும் அகஸ்டினின் நூலை அச்சிட்டதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது அச்சுலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த நூலின் தலைப்பு ‘கடவுளின் நகரம்’, லத்தீனில் ‘தே கிவிதாத்தே தேயி’. பெயரின் முன்பாதியிலும் பின்பாதியிலும் அதே கிவிஸ், அதே நகரம். இரண்டு பாதியும் அச்சிட்ட புத்தகத்திலிருந்து எழுத்துக்குத் தாவியவை. கிராஞ்சோன் தாமாக வைத்த ‘பிரெஞ்சு எழுத்து’ என்ற பெயரைத் தேடுபவர் 1557-இல் அவர் லியோனில் அச்சிட்ட நூலின் முன்னுரையைத்தான் திறக்க வேண்டும்.